பிள்ளை எந்த ஊரில், மனு எந்த ஊரில்?

சட்டம் கேளுங்கள் பகுதிக்கு இம்முறை செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: பிள்ளையின் கஸ்டடி உத்தரவை மாற்ற வேண்டும், எந்தக் கோர்ட்டுக்குப் போவது? பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

2019-ல் சென்னைக் குடும்பநல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. மகள் என்னிடம். மாதம் இரண்டு சனிக்கிழமை சென்னையில் அவள் அப்பா பார்க்கலாம் என்று ஒப்பந்தம். மூன்று வருஷமாக நாங்கள் காரைக்குடியில் அம்மா வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. பல்லவனில் போனால் இறங்கவே மதியம் ஆகிவிடுகிறது. ராத்திரி ரயில் என்றால் மறுநாள் முழுக்கத் தூங்கி வழிகிறாள். சிவகங்கையிலேயே மனுப் போட்டு மாற்ற முடியுமா? சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாற்றக் கேட்கலாமா?
— வாசகி, காரைக்குடி

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தாராளமாகக் கேட்கலாம். பிள்ளை சம்பந்தப்பட்ட உத்தரவு எதுவும் கல்லில் வெட்டியது அல்ல. பரஸ்பர சம்மத டிகிரியில் (கோர்ட்டின் தீர்ப்பாணையில்) எழுதிக்கொண்ட சந்திப்பு நிபந்தனையையும் பிள்ளையின் நலனுக்காக மாற்றலாம் என்று விக்ரம் வீர் வோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் தாய் வேலைக்காக ஆஸ்திரேலியா போக வேண்டியிருந்தது. நீங்கள் வந்திருப்பது காரைக்குடிக்கு.

எந்தக் கோர்ட் என்பதற்கு இரண்டு வாசல் உண்டு. முதல் வாசல் இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. டிகிரி கொடுத்த கோர்ட்டே, டிகிரிக்குப் பிறகும், அவ்வப்போது கஸ்டடி உத்தரவை மாற்றலாம், நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம் என்கிறது அது. அதன்படி நீங்கள் போக வேண்டியது சென்னை. இரண்டாவது வாசல் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். வக்கீல்கள் ஜி.டபிள்யூ. ஆக்ட் என்பார்கள்; அதில் போடும் மனுவுக்கு ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று பெயர். அதன் 9-ஆம் பிரிவு பார்ப்பது ஒன்றைத்தான்: மைனர் வழக்கமாக வசிக்கும் இடம் எது? மூன்று வருஷமாகக் காரைக்குடியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அது சிவகங்கை மாவட்டம்.

உங்களுக்கு எங்கள் யோசனை முதல் வாசல்தான். நீங்கள் கஸ்டடியை மாற்றக் கேட்கவில்லை; சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டுமே மாற்றச் சொல்கிறீர்கள். அந்த நிபந்தனையை எழுதிய கோர்ட் அதைத் திருத்துவது எளிது. சிவகங்கையில் புதிதாக ஜி.டபிள்யூ.ஓ.பி. போட்டால், ஒரே பிள்ளைக்கு இரண்டு கோர்ட்டில் இரண்டு உத்தரவா என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே ஆட்சேபிக்கும். அந்த வாதம் முடியவே மாதக்கணக்காகும். கஸ்டடியே கைமாற வேண்டும், பிள்ளை பல வருஷமாக வேறு ஊரில் வேர்விட்டுவிட்டது, சாட்சிகள் எல்லாம் அங்கேதான் என்றால் இரண்டாவது வாசல் பொருந்தும். எந்த வாசலில் போனாலும் முந்தைய உத்தரவை முழுதாகச் சொல்லி, நகலையும் இணைக்க வேண்டும். மறைத்துப் போட்ட மனு அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளுபடியாகலாம்.

சென்னைக்கு அலைய முடியாது என்றால், சென்னையில் மனுப் போட்டுவிட்டு அதைச் சிவகங்கைக்கு மாற்றித் தரும்படி உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். சிவில் நடைமுறைச் சட்டம் 24-ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. சிறு பிள்ளையோடு இருக்கும் தாயின் அலைச்சலை உயர் நீதிமன்றம் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

மனுவை இப்படித் தயார் செய்யுங்கள். பழைய ஹெச்.எம்.ஓ.பி. (இந்து திருமணச் சட்ட மனு) எண்ணைப் போட்டு 26-ஆம் பிரிவின் கீழ் மனு, கூடவே அபிடவிட். டிகிரியோடு கூட்டு மெமோவின் (இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்) சான்று நகலும் வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. பள்ளியில் போனஃபைடு சான்று, மூன்று வருஷக் கட்டண ரசீது, இதுவரை போய்வந்த ரயில் டிக்கெட்டுகள், எந்தச் சனிக்கிழமை அப்பா வந்தார், எந்தச் சனிக்கிழமை வரவில்லை என்று தேதிவாரியாக ஒரு பட்டியல். இந்தப் பட்டியல் இல்லாமல் 'அவர் சரியாக வருவதே இல்லை' என்று எழுதினால் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

இத்தகைய மனுக்கள் தோற்பது பெரும்பாலும் வேண்டுகோள் பத்தியில். 'சென்னைக்கு அழைத்துவர முடியவில்லை, ரத்து செய்க' என்று மட்டும் எழுதுவார்கள். பிள்ளையிடமிருந்து அப்பாவைப் பறிக்கப் பார்க்கிறார் என்று நீதிபதிக்குத் தோன்ற அது போதும். மாற்று ஏற்பாட்டை நீங்களே எழுதிக் கொடுங்கள்: 'மாதம் 2-ஆம், 4-ஆம் சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை காரைக்குடியில்; கோடை விடுமுறையில் தொடர்ந்து 15 நாள் சென்னையில் தந்தையிடம்; வாரம் இரு நாள் இரவு 7.30-க்கு வீடியோ அழைப்பு.' ஒரு கையில் எடுத்து மறு கையில் கொடுப்பதாக மனு இருக்க வேண்டும்.

உத்தரவு மாறும்வரை பழைய உத்தரவுதான் உத்தரவு. மனுப் போட்டாயிற்றே என்று பிள்ளையை அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். உடனே நிவாரணம் வேண்டுமென்றால் கூடவே ஒரு இடைக்கால மனு போடுங்கள். ஒப்பந்தத்தை இன்னொரு முறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள்: 'கோர்ட் அனுமதியின்றிப் பிள்ளையைச் சென்னையை விட்டுக் கொண்டுபோகக் கூடாது' என்று ஒரு வரி அதில் இருந்தால், மூன்று வருஷமாக அதை மீறியிருக்கிறீர்கள். அதை அபிடவிட்டில் நீங்களே ஒப்புக்கொண்டு காரணம் சொல்வது நல்லது. எதிர்த்தரப்பு வாயால் வெளியே வந்தால் கதையே வேறு.

நான் அப்பத்தா எழுதுகிறேன். மகன் கல்யாணம் கானாடுகாத்தான் பூர்வீக வீட்டில், வளவில் வைத்து நடந்தது. இசைபிடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதியதும் அங்கேதான். கோவிலில் புள்ளி (குடும்பப் பதிவு) எங்கள் ஊர்க் கணக்கில்தான் இருக்கிறது. மகனும் மருமகளும் பெங்களூரில் வாழ்ந்து பிரிந்துவிட்டார்கள். விவாகரத்து வழக்கு இன்னும் யாரும் போடவில்லை. பேரன் மருமகளிடம் இருக்கட்டும் என்று போன வருஷம் பெங்களூர்க் கோர்ட் சொல்லிவிட்டது. மகன் இப்போது ஊரோடு வந்துவிட்டான். பேரனுக்கு ஆறு வயது. சிவகங்கையில் மனுப் போட்டு உத்தரவை மாற்ற வேண்டும். நானே போடலாமா?
— கானாடுகாத்தான்

ஆச்சி, கல்யாணம் நடந்த ஊருக்கு மதிப்பு உண்டு, ஆனால் விவாகரத்து வழக்கில் மட்டும். இந்து திருமணச் சட்டம் 19-ஆம் பிரிவு, திருமணம் நடந்த இடத்தின் கோர்ட்டிலும் மனுப் போடலாம் என்கிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு கல்யாணத்துக்கு மட்டும் வீட்டைத் திறக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களின் விவாகரத்து வழக்குகள் சிவகங்கைக்கு வந்து சேருவது இதனால்தான். அதே கணக்கு கஸ்டடிக்கும் ஓடும் என்று நினைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

காப்பாளர் சட்டம் கல்யாண ஊரையும் பார்க்காது, பூர்வீக வீட்டையும் பார்க்காது. இசைபிடிமானம் திருமணம் நடந்ததற்கு ஆதாரம். புள்ளி குடும்பத்துக்கு ஆதாரம். பேரன் எங்கே தூங்கி எழுந்து எந்தப் பள்ளிக்குப் போகிறான் என்பதற்கு இரண்டும் ஆதாரம் அல்ல. அவன் இருப்பது பெங்களூர், ஏற்கெனவே உத்தரவு போட்டிருப்பதும் பெங்களூர். மாற்றம் கேட்க வேண்டியதும் அங்கேதான்.

ஒரு சுற்றுவழியை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கக்கூடும்: மகன் சிவகங்கையில் விவாகரத்து ஹெச்.எம்.ஓ.பி. போட்டு, அதற்குள்ளேயே 26-ஆம் பிரிவில் கஸ்டடியும் கேட்பது. சட்டத்தில் அதற்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் பெங்களூர் உத்தரவு உயிரோடு இருக்கும்போது 'அங்கே கேட்காமல் இங்கே ஏன் வந்தீர்கள்' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். மருமகளும் சும்மா இருக்க மாட்டார். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றக் கேட்பது உச்ச நீதிமன்றத்தில், சிவில் நடைமுறைச் சட்டம் 25-ஆம் பிரிவின் கீழ். அங்கே போனால் கானாடுகாத்தான் வழக்குக்கு டெல்லி வக்கீல் செலவும் சேரும். எங்கள் கணிப்பில் இது காசுக்கும் காலத்துக்கும் கேடு.

26-ஆம் பிரிவில் நீங்கள் மனுதாரராக முடியாது; அது கணவன் மனைவிக்கு உள்ளே நடக்கும் வழக்கு. மகனே பெங்களூரில் போடட்டும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் என்று 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் சட்டம் 6-ஆம் பிரிவில் ஒரு விதி உண்டு. ஆறு வயதில் அந்த விதி விலகும். அதற்காகப் பிள்ளை தானாக அப்பாவிடம் வந்துவிடாது; அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல். மகன் ஊர் மாறியது மட்டும் காரணம் ஆகாது, பேரனுக்கு என்ன மாறியது என்று காட்ட வேண்டும். முழுக் கஸ்டடி கிடைக்காவிட்டாலும், கோடை விடுமுறையில் ஐயாவோடும் அப்பத்தாவோடும் கானாடுகாத்தானில் இத்தனை நாள் என்று அந்த மனுவிலேயே சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். அது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கஸ்டடி எனக்கு என்று சிவகங்கைக் குடும்பநல நீதிமன்ற உத்தரவு கையில் இருக்கிறது. அரையாண்டு விடுமுறைக்கு மகனைக் கோவைக்கு அழைத்துப்போனவர் திருப்பி அனுப்பவில்லை. டி.சி. இல்லாமலே அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டார். 'இனி பையன் கோயம்புத்தூர்வாசி, எது கேட்பதானாலும் இங்கே வந்து கேள்' என்கிறார். உண்மையா?
— தேவகோட்டை

இல்லை. தூக்கிக்கொண்டு போனதால் வசிப்பிடம் மாறாது. வழக்கமாக வசிக்கும் இடம் என்று கோர்ட் பார்ப்பது, எடுத்துப்போவதற்கு முன் பிள்ளை நிலையாக இருந்த இடத்தை. டி.சி. இல்லாமல் சேர்த்ததைப் பெரிய குற்றமாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. இல்லை என்று பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. ஆனால் எமிஸ் (கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவில் மகன் எந்தத் தேதிவரை தேவகோட்டைப் பள்ளியில் இருந்தான் என்பது தெரியும். தலைமையாசிரியரிடம் அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது உங்கள் முதல் ஆதாரம்.

உங்கள் வழக்கில் மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கையில் இருக்கும் உத்தரவை நிறைவேற்ற வேண்டும். அதே சிவகங்கைக் கோர்ட்டில் நிறைவேற்று மனு போட்டு, போலீஸ் உதவியோடு பிள்ளையை ஒப்படைக்கக் கேளுங்கள். அவசரம் என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. உத்தரவு கையில் இருப்பவருக்கு அது பலமான வழி. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் ஏற்பு ரசீது) வாங்குங்கள், 'இது சிவில் மேட்டர்' என்று அனுப்பினாலும் புகார் கொடுத்த தேதி பின்னால் பேசும்.

நாள் கடத்துவதுதான் ஆபத்து. 'எப்படியும் கோடை லீவில் வந்துவிடுவான்' என்று உறவுக்காரர்கள் சொல்வதைக் கேட்டு ஆறு மாதம் போனால், பையன் புதுப் பள்ளியில் ஒன்றிவிட்டான், இனிக் கலைக்க வேண்டாம் என்ற வாதத்தை நீங்களே அவருக்குத் தயாரித்துக் கொடுத்ததாகும். கோர்ட் அவமதிப்பு நடவடிக்கைக்கும் ஒரு வருடம்தான் காலக்கெடு.

ஊர் இராயவரம். கடைகண்ணி, ஆஸ்பத்திரி, பேத்தியின் பள்ளி எல்லாம் காரைக்குடி. கஸ்டடி மனுவைக் காரைக்குடியிலேயே போடலாமா?

செட்டிநாடு ஒன்றுதான், மாவட்டம் இரண்டு. இராயவரம் திருமயம் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம். பேத்தி இரவு தங்குவது இராயவரத்தில் என்றால் கோர்ட் புதுக்கோட்டை. பள்ளி விடுதியிலோ உறவினர் வீட்டிலோ காரைக்குடியில் நிலையாகத் தங்கிப் படிக்கிறாள் என்றால் சிவகங்கை மாவட்டம் என்று வாதாடலாம். வெறும் பள்ளிப் பேருந்தில் போய்வருவது போதாது. ஆதாரில் எந்த முகவரி இருக்கிறது என்று பார்த்துக் கோர்ட்டை முடிவு செய்யாதீர்கள். ஆதாரும் குடும்ப அட்டையும் பழைய முகவரியிலேயே கிடப்பது நீதிபதிகளுக்கும் தெரியும்.

தவறான இடத்தில் போட்டுவிட்டால்? மனு தள்ளுபடி ஆகாது, உரிய கோர்ட்டில் தாக்கல் செய்யச் சொல்லித் திருப்பப்படும். போன மாதங்கள் போனதுதான். எதிர்மனுதாரராக இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வழக்கு இந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் வராது என்ற ஆட்சேபணையை முதல் எதிருரையிலேயே எழுதுங்கள். சாட்சி விசாரணை வரை ஓடவிட்டு, தோற்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகு கிளப்பினால் எடுபடாது.

சிங்கப்பூர்க் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து. கஸ்டடி இருவருக்கும் கூட்டாக, பிள்ளை என்னிடம் இருக்க உத்தரவு. அவர் சம்மதத்தோடு இரண்டு வருஷத்துக்கு முன் தேவகோட்டைக்கு வந்துவிட்டோம். இப்போது விடுமுறை ஏற்பாட்டை மாற்ற வேண்டும். அங்கேயா, இங்கேயா?

வெளிநாடு என்றதும், நாடு கடத்திக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் ஹேக் ஒப்பந்தம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். இந்தியா 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆகவே அது இங்கே செல்லாது. சிங்கப்பூர் டிகிரியை இங்கே நேரடியாக நிறைவேற்றலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவைக் காட்டுவார்கள். அது பணம் வசூலிக்கும் டிகிரிக்கு, பிள்ளைக்கு அல்ல.

உங்கள் பிள்ளை அப்பாவின் சம்மதத்தோடு வந்து இரண்டு வருஷமாக இங்கே வசிப்பதால் சிவகங்கையில் ஜி.டபிள்யூ.ஓ.பி. போடலாம். அந்தச் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும்: மின்னஞ்சல், வாட்ஸ்அப், விமான டிக்கெட் அவர் எடுத்துக்கொடுத்தது, எதுவானாலும் சரி. சிங்கப்பூர் உத்தரவை இங்குள்ள கோர்ட் மதித்துப் படிக்கும், ஆனால் கட்டுப்பட்டு நிற்காது. பிள்ளையின் நலனைத் தானே எடைபோடும். 2017-ல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது.

ஆனாலும் அவர் ஒத்துவருவார் என்றால், சிங்கப்பூரிலேயே சம்மத உத்தரவாக மாற்றி வாங்குவது நல்லது. பிள்ளை விடுமுறைக்கு அங்கே போய் இறங்கும் நாளில் அங்கே செல்லுபடியாவது அந்த உத்தரவுதான். இங்கே மட்டும் மாற்றிவிட்டுப் பிள்ளையை அனுப்பினால், சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் பழைய உத்தரவு உயிர்பெறும்.

அவர் அங்கிருந்தபடி இங்கே வழக்கு நடத்த உறவினருக்குப் பவர் பத்திரம் கொடுத்தால், அதில் இந்தியத் தூதரகச் சான்றோ நோட்டரி சான்றோ இருக்கிறதா, இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆட்சேபிக்கலாம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் கொடுத்த தற்காலிகக் கஸ்டடியை மாற்றுவது எங்கே? ஜீவனாம்சத் தொகையை?

முதலாவது, அதே மாஜிஸ்திரேட்டிடம்; நிலைமை மாறினால் உத்தரவை மாற்றலாம் என்று 25-ஆம் பிரிவு சொல்கிறது. அது தற்காலிகம்தான், நிரந்தரமாக வேண்டுமென்றால் குடும்பநல நீதிமன்றம். ஜீவனாம்சம் பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 125-இல் வந்திருந்தால் இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். 146-ஆம் பிரிவில் மாற்றக் கேட்க வேண்டும். கஸ்டடி மனுவுக்குள் அதைச் செருகாதீர்கள்.

கிறிஸ்தவர்கள், முஸ்லிம்களுக்கும் இதே விதியா?

கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 41 முதல் 44 வரையான பிரிவுகள் 26-ஆம் பிரிவின் வேலையைச் செய்கின்றன. டிகிரி கொடுத்த கோர்ட்டுக்குத் திரும்பலாம். முஸ்லிம் குடும்பங்களுக்குக் காப்பாளர் சட்டம்தான் வாசல், ஆகவே பிள்ளை வசிக்கும் ஊர்.

விவாகரத்துக் காகிதங்கள் வீடு மாறியதில் தொலைந்துவிட்டன. வழக்கு எண்ணும் நினைவில்லை. வக்கீல் காலமாகிவிட்டார். எதை வைத்துத் தொடங்குவது?
— பள்ளத்தூர்

ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, மனுதாரர் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மூன்று நான்கு விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். கிடைக்காமல் போவது பெரும்பாலும் அதனால்தான். கண்டுபிடித்தால் 16 இலக்க சி.என்.ஆர். எண் (வழக்கின் தனி அடையாள எண்) வரும், அதைக் குறித்துக்கொண்டு சான்று நகலுக்கு விண்ணப்பிக்கலாம். வழக்கு முன்பு சார்பு நீதிமன்றத்தில் நடந்திருந்தால், வழக்குக் கட்டு இப்போது அங்கேயே இருக்கிறதா, குடும்பநல நீதிமன்றத்துக்கு மாறியிருக்கிறதா என்று பைலிங் பிரிவில் கேளுங்கள்; மாற்றக் கேட்கும் மனுவை எங்கே வாங்குவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100.